பாடபேதம் இல்லாத மரங்கள்

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் மிதவெப்பக் கண்ணாடி மாளிகைக்குள் ஒரு செடியின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கூட வந்தவர்கள் மாளிகையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து, "இன்னும் இங்கேயேதானா?" என்று கேட்டார்கள். பார்ப்பதற்கு அப்படியொன்றும் விசேஷம் கிடையாது. தடித்த தண்டு, உச்சியில் வளைந்து தொங்கும் நீண்ட இலைகள். பெரும்பாலோர் ஏதோ பனை வகை என்று நினைத்துக் கடந்து போனார்கள். அது பனைக்குத் தூரத்து உறவுகூட இல்லை. சைக்கஸ் கூட்டத்தைச் சேர்ந்த என்செபலார்டோஸ் வூடியை.

1895-ல் தென்னாப்பிரிக்காவின் ஒங்கோயே காட்டில் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் இதைக் கண்டார். அங்கே இருந்தது ஒரே ஒரு செடி, நான்கு தண்டுகளாகக் கிளைத்து நின்றது. அதுவும் ஆண். இந்தக் கூட்டத்தில் ஆண் வேறு, பெண் வேறு. 1899-ல் இந்த இனத்தின் ஒரு செடி கியூவுக்கு வந்து சேர்ந்தது. 1916-ல் காட்டில் எஞ்சியிருந்த கடைசித் தண்டையும் பாதுகாப்புக்காகப் பெயர்த்து பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு காட்டில் ஒன்றுமில்லை. பெண் செடி தேடி எத்தனையோ பேர் அந்தக் காட்டை அலசிவிட்டார்கள். அண்மையில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரோன் பறக்கவிட்டுப் படமெடுத்து, அந்தப் படங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் தேடினார்கள். இன்னும் கிடைத்தபாடில்லை. 2004-ல் கியூ செடி கூம்பு விட்டது. நிறைய மகரந்தம் இருந்தது, ஏற்றுக்கொள்ளத்தான் யாருமில்லை.

அன்று என்னை அங்கேயே நிற்க வைத்தது செடியின் தனிமை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் என்னைக் குழப்பியது ஒரு சாதாரணக் கணக்கு. உலகம் முழுக்கத் தாவரவியல் பூங்காக்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இந்த இனத்தின் செடிகள் ஏராளமாக வளர்கின்றன. எல்லாமே அந்த ஒங்கோயே செடியின் பக்கக்கன்றுகள், அவற்றின் பக்கக்கன்றுகள். அப்படியென்றால் இந்த இனத்தில் மொத்தம் எத்தனை செடிகள்? தொட்டிகளை எண்ணினால் ஒரு விடை வருகிறது. மரபணுவை எண்ணினால் ஒன்று என்றுதான் வருகிறது.

நான் தாவரவியல் படித்தவனில்லை. ஆனால் அன்றிலிருந்து அழியும் மரங்களைப் பற்றி எதைப் படித்தாலும், "இன்னும் இத்தனை மரங்களே எஞ்சியுள்ளன" என்ற வரி வரும்போது நின்றுவிடுகிறேன். யார் எண்ணினார்கள் என்பதைவிட எதை எண்ணினார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

மரபணுப் பன்மை என்பதற்குப் பாடப்புத்தகம் தரும் விளக்கம் எனக்கு என்றும் ஒட்டியதில்லை. சுவடிகளை வைத்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் ஒரே நூலுக்குப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி அலைந்தார்கள். ஒரு பிரதியில் செல்லரித்த இடம் இன்னொன்றில் முழுதாக இருக்கும். ஒன்றில் எழுதியவர் கைப்பிழை, மற்றதில் நல்ல பாடம். சில இடங்களில் இரண்டு பாடமும் பொருந்தும். அப்போது ஒன்றை மேலே போட்டு மற்றதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் தருவார்கள். மரத்தின் ஒவ்வொரு மரபணுவுக்கும் இப்படிப் பாடபேதங்கள் உண்டு. அறிவியலில் அல்லீல் என்கிறார்கள். ஒவ்வொரு மரமும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு சுவடிகளை வைத்திருக்கிறது. ஒன்றில் பொத்தல் இருந்தால் மற்றதை வைத்துச் சமாளிக்கும். காடு முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் இருந்தால் ஆயிரக்கணக்கான சுவடிகள். வறட்சியோ பூஞ்சை நோயோ வரும்போது, அதைத் தாங்குவதற்கான பாடம் எங்காவது ஒரு மூலையில் ஓர் ஏட்டில் இருக்க வாய்ப்புண்டு.

ஒரே சுவடிதான் கிடைத்தது என்றால், அதில் அரித்த இடம் அரித்ததுதான்.

எச்ச இனங்கள் என்று சொல்லப்படும் மரங்கள் பெரும்பாலும் இந்த நிலையில் இருப்பவை. ஒரு காலத்தில் கண்டம் கண்டமாகப் பரவியிருந்தவை. பனியுகங்கள் வந்து போனதிலும் நிலம் வறண்டதிலும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கிலோ மலைச்சரிவிலோ ஒண்டிக்கொண்டவை. பத்திரிகைகள் இவற்றுக்கு 'உயிருள்ள புதைபடிவம்' என்று பட்டம் கொடுக்கின்றன. எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. கோடி ஆண்டுகளாக மாறாமல் உறைந்து கிடப்பதுபோல ஒரு தோற்றத்தை அது தருகிறது. இலையின் வடிவம் மாறாமலிருக்கலாம். உள்ளே சுவடிகள் ஒவ்வொன்றாகத் தொலைந்துகொண்டிருப்பது புதைபடிவத்தில் தெரியாது.

தொலைவதற்குப் பெரிய காரணம்கூட வேண்டாம். மரங்கள் குறைந்துவிட்டால் தற்செயலே போதும். ஓர் அரிய பாடத்தை வைத்திருக்கும் மரம் விதை விடும் முன் மின்னல் தாக்கி விழுகிறது, அவ்வளவுதான். இதை மரபணு நகர்வு என்பார்கள். இதற்கு எளிய சூத்திரம் உண்டு. இனப்பெருக்கத்தில் பங்கெடுக்கும் மரங்கள் பத்து என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு வேறுபாடு கழிந்துபோகும். பதினான்கு தலைமுறையில் பாதி போய்விடும். ஓராண்டுச் செடிக்குப் பதினான்கு தலைமுறை என்பது பதினான்கு வருடம். நூறு வருடத்துக்கு ஒரு தலைமுறை என்று வாழும் மரத்துக்கு ஆயிரத்து நானூறு வருடம். மரங்களின் நீண்ட ஆயுள் ஒருவகையில் அவற்றைக் காக்கிறது, இன்னொரு வகையில் நம்மை ஏமாற்றுகிறது. காடு பச்சையாக நிற்கிறது, மரங்கள் கம்பீரமாக இருக்கின்றன. இழப்பு அடுத்த தலைமுறை முளைக்கும்போதுதான், அதுவும் முளைத்தால்தான் வெளியே தெரியும்.

வொலமி பைன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1994 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வொலமி தேசியப் பூங்காவில், சிட்னியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், டேவிட் நோபிள் என்ற வனக்காவலர் ஆழமான ஒரு மலைப்பிளவுக்குள் கயிறு கட்டி இறங்கினார். அங்கே அவருக்கு அடையாளம் தெரியாத மரங்கள் நின்றன. புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு பரம்பரையின் உயிருள்ள உறுப்பினர்கள் அவை. வளர்ந்த மரங்கள் நூறுக்கும் கீழே. இடத்தை இன்றுவரை ரகசியமாக வைத்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்த பரபரப்பு அடங்கியபின் மரபணு ஆய்வு தொடங்கியது. மரபணுவில் நூற்றுக்கணக்கான இடங்களை மரத்துக்கு மரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு எதையும் காண முடியவில்லை. ஏதோ சோதனையில் தவறு என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். பின்னால் வந்த நுட்பமான முறைகள் அங்குமிங்கும் மிகச் சிறிய வேறுபாடுகளைக் காட்டின, ஆனால் படம் மாறவில்லை. முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது அது சுமார் 1,220 கோடி எழுத்துகள் நீளம் என்று தெரிந்தது. மனிதனுடையதைப்போல நான்கு மடங்கு. அத்தனை பெரிய நூல், பாடபேதம் மட்டும் அநேகமாக இல்லை.

இதில் மரத்தின் சுபாவத்துக்கும் பங்குண்டு. வொலமி பைன் அடியிலிருந்து புதுத் தண்டுகளைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். பழைய தண்டு விழுந்தால் பக்கத்தில் இன்னொன்று எழுந்து நிற்கும். ஒரே மரம் பல பத்துத் தண்டுகளாக, வெவ்வேறு வயதில் நிற்பதுண்டு. தண்டை எண்ணிக்கொண்டு போகிறவருக்கு அது ஒரு தோப்பு. 2005-ல் அந்தப் பள்ளத்தாக்கில் பைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் நோய்க்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதியின்றி அங்கே போனவர்களின் காலணி மண்ணில் ஒட்டி வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். இடத்தை ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள் என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். இந்தச் செய்தியைப் படித்தபின் வாயை மூடிக்கொண்டேன். எல்லா மரமும் ஒரே சுவடி என்றால், ஒரு மரத்தைக் கொல்லும் நோய் எல்லா மரத்தையும் கொல்லத் தெரிந்த நோய். 2019–20 காட்டுத்தீயில் தீயணைப்பு வீரர்கள் ஹெலிகாப்டரில் இறங்கி மரங்களைச் சுற்றி நீர்க்குழாய் பதித்துக் காப்பாற்றினார்கள். நெருப்பு கண்ணுக்குத் தெரியும் எதிரி, அதனுடன் ஒருவாறு போராடிவிடலாம்.

வொலமிக்காவது விதை உண்டு. டாஸ்மேனியாவில் லொமேஷியா டாஸ்மானிகா என்றொரு குறுமரம் இருக்கிறது. 1934-ல் டெனி கிங் என்பவர் கண்டெடுத்தது. சிவந்த பூ அழகாகப் பூக்கும், காயும் விதையும் கிடையாது. அதன் உயிரணுக்களில் இரண்டு சுவடிகளுக்குப் பதில் மூன்று இருக்கின்றன. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதாகையால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. கிளை மண்ணில் சாய்ந்து வேர்விட்டு நகர்வது ஒன்றே வழி. இப்படி ஆற்றோரமாக ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பரவி, சில நூறு தண்டுகளாக நிற்பது மரபணுப்படி ஒரே செடி. அதே இலையின் எச்சம் அருகில் கிடைத்திருக்கிறது, அதன் வயது 43,600 ஆண்டுகள். விதையே விடாத ஒன்றின் இலை அது என்பதால், அந்த இலையை உதிர்த்ததும் இன்று பூத்து நிற்பதும் ஒரே உயிராக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். சிசிலித் தீவில் 1991-ல் கண்டுபிடிக்கப்பட்ட செல்கோவா சிகுலாவுக்கும் இதே மூன்று சுவடிச் சிக்கல். இரண்டே இடங்களில் வளர்கிறது, ஒவ்வோர் இடமும் ஒரு பிரதி. ஆக மொத்தம் இரண்டு.

இவற்றையெல்லாம் தாண்டி என்னை வாயடைக்க வைத்தது சகாராவின் சைப்ரஸ் மரம். அல்ஜீரியாவின் தாசிலி நஜ்ஜேர் பாறைமேட்டில், பாலைவனத்தின் நடுவே, 233 மரங்கள் உயிரோடிருப்பதாக ஒரு கணக்கெடுப்பு சொன்னது. சகாரா பசுமையாக இருந்த காலத்தின் எச்சம். சில மரங்களுக்கு ஈராயிரம் வயதுக்கு மேல் இருக்கும். 2001-ல் பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்தியான் பிஷோவும் சகாக்களும் இதன் விதைகளைச் சோதித்தார்கள். விதைக்குள் இருந்த கருவில் தாயின் மரபணு இல்லை. முழுவதும் மகரந்தத்திலிருந்து வந்தது. சாதாரண மகரந்தம் பாதிச் சுவடிதான் கொண்டுவரும். இந்த மரத்தின் மகரந்தம் முழுதாகக் கொண்டுவந்து, தானே கருவாகிவிடுகிறது. தாய்மரம் இடமும் உணவும் மட்டும் தருகிறது. இந்த மகரந்தம் மத்தியதரைக்கடல் சைப்ரஸ் என்ற வேறோர் இனத்தின் பெண் கூம்பில் விழுந்தாலும், அதில் பிறக்கும் கன்று சகாரா சைப்ரஸாகவே இருக்கிறது. அயல் இனத்தின் மடியை வாடகைக்கு எடுத்துத் தன் பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறது. தாவரங்களில் இப்படியொன்று முன்னர் அறியப்பட்டதில்லை.

பரிணாமத்தின் சாமர்த்தியம் என்று இதைக் கொண்டாடி எழுதியவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் வியந்தேன். பிறகு யோசித்தால் பயமாக இருந்தது. இரண்டு சுவடிகளை ஒப்பிட்டுக் கலந்து புதுப்பாடம் எழுதும் வேலை அங்கே நின்றுவிட்டது. ஒவ்வொரு கன்றும் தந்தையின் எழுத்திலிருந்து மட்டுமே வருகிறது. பாலைவனத்தில் மகரந்தம் தேடி இன்னொரு மரத்தை நம்பியிருக்க முடியாத நிலையில், பிள்ளை வேண்டும் என்பதற்காக வேறுபாட்டை விலையாகக் கொடுத்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். வேறுபாடு குறைவு என்பதே மரணச் சீட்டு என்றால், மத்தியதரைக்கடல் கரையோரம் குடை விரித்ததுபோல நிற்கும் கல் பைன் எப்போதோ போயிருக்க வேண்டும். அதன் மரபணு வேறுபாடு வியக்கத்தக்க அளவு குறைவு. ஆனாலும் விதைக்காக மனிதர்கள் கொண்டுபோன இடமெல்லாம் அது செழித்திருக்கிறது. எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்பதோடு, மற்றவை எப்படித் தொலைந்தன என்பதையும் கேட்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் சீனாவின் தியன்மு மலையில் இருக்கும் ஆஸ்ட்ரியா ரெடெரியானா. காட்டில் ஐந்தே மரங்கள். 2018-ல் வெளிவந்த ஆய்வில் இதன் மரபணுத் தொகுதியை, பரவலாக வளரும் அதன் நெருங்கிய உறவினமான ஆஸ்ட்ரியா சினென்சிஸுடன் ஒப்பிட்டார்கள். எதிர்பார்த்தபடி வேறுபாடு மிகக் குறைவு. எதிர்பாராத ஒன்றும் இருந்தது. உயிருக்கு உலைவைக்கும் கடும் பிழைகள் உறவினத்தைவிட இதில் குறைவாக இருந்தன. இனம் மெல்ல மெல்லச் சுருங்கியபோது நெருங்கிய உறவுக்குள் கலப்பு நடந்து, மறைந்திருந்த கொடிய பிழைகள் இரட்டையாக வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்த கன்றுகள் மடிந்து, பிழைகளும் அவற்றோடு ஒழிந்திருக்கின்றன. ஆனால் கொல்லாத சில்லறைப் பிழைகள் கழியவில்லை, சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. மெதுவாகச் சுருங்கிய இனம் தன் வீட்டைக் கொஞ்சம் பெருக்கிக்கொள்ள நேரம் கிடைத்த இனம். ஒரே தலைமுறையில் காட்டை வெட்டிச் சுருக்கினால் அந்த அவகாசம் கிடைக்காது.

எனக்கே இதில் ஒரு சின்ன அனுபவம் உண்டு. மெட்டாசெகோயா என்ற மரம்: 1941-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிகேரு மிகி புதைபடிவங்களை வைத்துப் பெயர் சூட்டியது, அதே ஆண்டில் மத்திய சீனாவில் மொதாவோசி என்ற ஊரில் உயிரோடு கண்ணில் பட்டது, 1948-ல் அதுவும் இதுவும் ஒன்று என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் அர்னால்டு மரப்பூங்கா விதைகளைத் தருவித்து உலகெங்கும் பகிர்ந்தது. இன்று எத்தனையோ நகரங்களின் பூங்காக்களில் அது நிழல் தருகிறது. அப்படி ஒரு பூங்காவில் தனியாக நின்ற மரத்தடியில் கூம்புகளைப் பொறுக்கி, அறுபது விதை தேற்றி ஊன்றினேன். நான்கு முளைத்தன. நீர் அதிகமா, மண் சரியில்லையா என்று என் கைப்பக்குவத்தையே நொந்துகொண்டிருந்தேன். நான்கில் ஒன்று வெள்ளையாக, துளிப் பச்சையில்லாமல் எழுந்தது. அழகாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் விதையில் இருந்த இருப்பு தீர்ந்ததும் சாய்ந்துவிட்டது. இன்னொன்று காரணம் தெரியாமல் கருகியது.

பின்னால்தான் புரிந்தது. பக்கத்தில் துணை மரம் இல்லாத மெட்டாசெகோயா தன் மகரந்தத்தையே ஏற்று விதை விடும். அதில் பெரும்பாலானவை பொக்கு. தாய்ச்சுவடியும் தந்தைச்சுவடியும் ஒரே வீட்டிலிருந்து வருவதால், ஒன்றில் இருக்கும் பொத்தலின் மேல் மற்றதின் பொத்தலும் சரியாக வந்து விழ வாய்ப்பு அதிகம். பச்சையம் செய்யத் தெரியாத அந்த வெள்ளைக் கன்றும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். உலகெங்கும் பரவிய மெட்டாசெகோயாக்கள் ஆரம்பத்தில் வந்த குறைந்த விதைத்தொகுதியின் வாரிசுகள் என்பதும், சீனத்துத் தாய்க்காட்டில் இருக்கும் வேறுபாடு வெளியே முழுதாக வரவில்லை என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காப்பாற்றிவிட்டோம் என்று நாம் கைதட்டும் மரம், காப்பாற்றப்பட்டதில் ஒரு பகுதி மட்டுமே.

கிளையை ஒடித்து நடுவது மலிவு, வேகம், படம் பிடிக்கத் தோதானது. ஆயிரம் கன்று நட்டோம் என்று அறிக்கை எழுதலாம். சலிப்பான வேலை வேறு மாதிரி இருக்கும். சிசிலியின் மதோனியே மலையில் வளரும் நெப்ரோடி ஃபிர் மரம் அழிந்தே போனது என்று ஒரு காலத்தில் எழுதிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் கண்டார்கள். இன்று முதிர்ந்த மரங்கள் 30. ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது, ஒவ்வொன்றின் மரபணுவும் படிக்கப்பட்டிருக்கிறது. விதைகளில் மிகப்பல தன்மகரந்தத்தில் வந்தவை. போதாக்குறைக்கு, எப்போதோ காடு வளர்க்கிறோம் என்று அருகில் நட்ட வேறு ஃபிர் இனங்களின் மகரந்தமும் கலக்கிறது. எனவே ஆய்வாளர்கள் எந்த மரம் எந்த மரத்துக்குத் தூரத்து உறவு என்று பொருத்தம் பார்த்து, ஒன்றின் மகரந்தத்தை எடுத்துவந்து மற்றதின் கூம்பில் கையால் தூவுகிறார்கள். முளைத்த கன்றுகளையும் சோதித்து, கலப்பினத்தைக் கழிக்கிறார்கள். வருடக்கணக்கான வேலை, கடைசியில் கையில் இருப்பது சில நாற்றங்கால் தட்டுகள்.

கலப்பதிலும் தகராறு உண்டு. கலிபோர்னியாவின் டோரி பைன் இரண்டே இடத்தில் வளர்கிறது: சான் டியேகோ அருகே கரையில் ஒன்று, சாண்டா ரோசா தீவில் ஒன்று. 1983-ல் 59 மரபணு இடங்களைப் பார்த்தார்கள். கரைக்குள் மரத்துக்கு மரம் வேறுபாடு இல்லை, தீவுக்குள்ளும் இல்லை. கரைக்கும் தீவுக்கும் இடையில் இரண்டே மரபணு இடங்களில் வித்தியாசம். பிறகு இரண்டையும் சேர்த்துப் பெற்ற கன்றுகளைச் சோதனைத் தோட்டத்தில் வளர்த்தபோது அவை பெற்றோரைவிட நன்றாகவே வளர்ந்தன. அப்படியானால் கலந்துவிடலாமே என்பார் ஒருவர். தீவின் மண்ணுக்கும் காற்றுக்கும் தன்னைப் பக்குவப்படுத்திக்கொண்ட மரத்தை ஏன் கரைக்கிறாய் என்பார் இன்னொருவர். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், தோட்டத்தில் கலந்து பார்ப்பேன், தீவைத் தொடமாட்டேன். தோட்டத்தில் செய்த தவற்றைப் பிடுங்கிப் போட்டுவிடலாம். காற்றில் பறந்துவிட்ட மகரந்தத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

என் மெட்டாசெகோயாவில் இரண்டு பிழைத்துக்கொண்டன. முழங்கால் உயரம் வந்துவிட்டன, இலையுதிர்ந்து மறுபடி துளிர்க்கவும் கற்றுக்கொண்டன. தொட்டியில் செருகிய சீட்டில் முதலில் மரத்தின் பெயரும் '2' என்ற எண்ணும் மட்டும் எழுதியிருந்தேன். விதை சேகரிக்கிறவர்கள் எந்தத் தாய்மரம், எந்த நாள், பக்கத்தில் வேறு மரம் இருந்ததா என்று ஒவ்வொரு பைக்கும் குறித்து வைப்பார்கள் என்று படித்தபின், சீட்டைப் பிடுங்கிப் புதிதாக எழுதினேன். தாய்: பூங்காவின் வடகிழக்கு மூலை, ஒற்றை மரம். தந்தை: பெரும்பாலும் அதே மரம்.